கையெழுத்துப் போடக் கை வரவில்லை

கடிதம்

வணக்கம் மேடம்,

இது மனசுப் பிரச்சினையா, சொத்துப் பிரச்சினையா என்று எனக்கே தெரியவில்லை. வக்கீலிடம் போனால் கேஸ் போடலாமா என்பார். சொந்தக்காரர்களிடம் சொன்னால் 'பங்குக்கு வந்து நிக்கறா' என்பார்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு வயது 43. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கணவருக்குத் தனியார் வேலை, மகள் எட்டாவது படிக்கிறாள். பிறந்த ஊர் வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில். அங்கே எங்களுக்கு 22 ஏக்கர் கொறங்காடு இருக்கிறது, பாட்டன் காலத்துச் சொத்து. கொறங்காடு என்றால் எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத்தான் புரியும். உழுது விதைக்கிற நிலம் கிடையாது. மாடும் ஆடும் மேய்வதற்கென்றே விட்ட காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளேயும் கிளுவை வேலி போட்டு நாலு துண்டாகப் பிரித்திருக்கும். ஐப்பசி மழைக்குக் கொழுக்கட்டைப் புல் எழுந்ததும் ஒரு துண்டில் மாட்டை விடுவோம், அது கடித்துத் தீர்ந்ததும் அடுத்த துண்டு. புல் காய்ந்துபோன கோடையில் வெள்வேலாமரத்துக் காய் உதிரும். அதைத் தின்றுதான் உருப்படிகள் சித்திரை வைகாசியைத் தாண்டும். சரளை மண், முள், வெயில். நான் வளர்ந்த இடம் அதுதான்.

அப்போது எங்களிடம் காங்கேயம் மாடு 18 உருப்படி, செம்மறி ஒரு 60, பாலுக்கு இரண்டு எருமை. ஆள் வைத்ததில்லை. நான்தான் ஆள். நாலு மணிக்கு எழுந்து கட்டுத்தரையில் சாணி வழிப்பேன். அம்மா பால் பீச்சுவாள், நான் கன்றை இழுத்துக் கட்டுவேன், பிறகு தாழிக்குத் தண்ணீர் இறைப்பேன். ஆறரைக்குக் கடவைத் திறந்து மாட்டை உள்ளே விட்டுவிட்டு மூன்று கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாசம் போகாது. பக்கத்தில் உட்கார்ந்தவள் பெஞ்சின் ஓரத்துக்குத் தள்ளித் தள்ளிப் போவாள். என் தம்பி நாலு வயது இளையவன். ஏழு மணிக்கு எழுவான். 'ஆம்பளப் பையன், படிக்கட்டும்' என்பாள் அம்மா. நானும் படித்தேன், அவனைவிட நன்றாகவே.

அப்பா அடித்ததில்லை. திட்டியதும் குறைவு. பேசவே மாட்டார், அவ்வளவுதான். மாட்டோடு பேசுவார். எந்த மாடு எந்த வருசம் எத்தனையாவது ஈத்து என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை 'உங்க பொண்ணு எத்தனாவதுங்க' என்று கேட்டதற்கு, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஒன்பது வயதில் ஒரு நடுச்சாமம் என்னை எழுப்பினார். ஆடு ஒன்று குட்டி போட முடியாமல் கிடந்தது, குட்டி குறுக்கே நின்றுவிட்டது. 'உன்ற கையி சின்னது, உள்ள உடு' என்றார். விளக்கெண்ணெய் தடவிக் கையை விட்டு, அவர் சொல்லச் சொல்லக் காலைத் துழாவிப் பிடித்தேன். குட்டி உயிரோடு வந்தது. அப்பா 'ம்' என்றார். அந்த 'ம்' இன்றைக்கும் காதில் இருக்கிறது. இன்னொரு 'ம்' வாங்கத்தான் அடுத்த பத்து வருசமும் ஓடினேனோ என்னவோ.

பத்து வயதில் எனக்கு ஒரு கன்று வாய்த்தது. தாய்மாடு ஈன்ற மூன்றாம் நாள் பாம்பு தீண்டிச் செத்துப்போக, எருமைப்பால் ஊட்டி நான்தான் வளர்த்தேன். எங்கள் மாட்டில் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறிவிடும். நான் அதற்கு முன்பே செவலையான் என்று பெயர் வைத்துவிட்டேன். பிறகு சாம்பல் நிற மயிலையாகி, கழுத்தும் திமிலும் கருத்து நின்றபோதும் அவன் செவலையான்தான். கூப்பிட்டால் அடுத்த துண்டிலிருந்து வேலியோரமாகவே ஓடி வருவான்.

1994 சித்திரையில் எனக்கு முழுப்பரீட்சை. அறிவியல் பரீட்சை எழுதிவிட்டு வந்தால் கட்டுத்தரையில் அவன் இல்லை. அப்பாவும் பெரியப்பாவும் கண்ணபுரம் தேர்ச் சந்தைக்கு ஓட்டிப் போயிருந்தார்கள். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்வரை காத்திருந்து ஓட்டிப் போனார்களாம். பொழுது இறங்க அப்பா வெறும் கயிற்றோடு வந்தார். மாட்டை விற்றாலும் தலைக்கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாவாடைத் துணியைக் கிழித்து நான் போட்ட சிவப்பு முடிச்சு அதில் அப்படியே இருந்தது. ஆணியில் மாட்டினார். யாரும் ஒன்றும் பேசவில்லை. பணம் கிணற்று மோட்டாருக்குப் போனது. நான் அழுதேனா என்று நினைவில்லை. அன்று சாயங்காலமும் சாணி வழித்தேன். அந்தக் கயிறு இன்னும் அதே ஆணியில்தான் தொங்குகிறது, போன பொங்கலுக்குப் பார்த்தேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இந்தக் காட்டை விட்டுப் போய்விடுவது என்று. ஈரோட்டில் ஹாஸ்டலில் தங்கி பி.காம்., அப்புறம் வேலை, கல்யாணம். நோம்பி நொடிக்குப் போவேன், அன்றைக்கே திரும்பிவிடுவேன். 2017-ல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தபோது ஆபீசில் எல்லோரும் காங்கேயம் காளை படத்தை வாட்ஸாப்பில் வைத்தார்கள். 'உங்க ஊரா! செம கெத்துங்க' என்றார்கள். நான் சிரித்து வைத்தேன். அந்தக் கெத்துக்குச் சாணி வழித்தவள் நான் என்று சொல்லவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். அம்மா 2019-ல் தவறிவிட்டார். அப்பாவுக்கு 76. இரண்டு வருசம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் போய்விட்டது. பேச்சும் ஒன்றிரண்டு வார்த்தைதான். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், வேலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மாடு மூன்றே மூன்றுதான் மிச்சம். தம்பி தறி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டான். போன வருசம் ஒரே ராத்திரியில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஏழு ஆட்டைக் கடித்துப் போட்டன. மிச்ச ஆட்டையும் விற்றுவிட்டான். பக்கத்துக் காடுகள் இரண்டு ஏற்கெனவே சோலாருக்குப் போய்விட்டன. எங்களுடையதையும் கேட்கிறார்கள். வாங்குகிறவர்களின் வக்கீல், 'பெண்ணும் கையெழுத்துப் போடணும்' என்று சொல்லிவிட்டாராம். என் பங்கை தம்பி பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும், அவன் விற்றுக்கொள்வான். 'வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிரக்கா. அப்பாகிட்டக் கைநாட்டு வாங்கிக்கலாம். உனக்கு எவ்வளவு வேணும்னு சொல்லு' என்கிறான். எனக்குப் பணம் வேண்டாம். தம்பி கெட்டவனும் இல்லை. அவன் மனைவிதான் அப்பாவுக்கு எல்லாம் செய்கிறாள்.

பத்திரத்தின் நகலை அனுப்பியிருந்தான். 'நான்கெல்லைக்குள் உள்ள நிலமும், கிணறும், மரங்களும், வேலியும்' என்று படித்துக்கொண்டே வந்தவள், வேலி என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நெஞ்சை அடைத்தது. முதல் தடவை தேதி வைத்தபோது காய்ச்சல் என்றேன். இரண்டாவது தடவை மகளுக்குப் பரீட்சை என்றேன். மூன்றாவதாக அடுத்த மாதம் தேதி வைத்திருக்கிறான். நாலு மாதமாக அதிகாலை நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தபடி கிடக்கிறேன். மகள் சோபாவில் சும்மா படுத்திருந்தால் எனக்குக் கை பரபரக்கிறது, கத்திவிடுகிறேன். 'எங்கம்மாவுக்கு யாரும் சும்மா இருக்கக் கூடாது' என்று அவள் தோழியிடம் ஃபோனில் சொல்வதைக் கேட்டேன்.

நான் வெறுத்து ஓடிவந்த இடம் அது. அது போவதில் எனக்கு என்ன துக்கம்? திரும்பவும் சொல்கிறேன், பணம் வேண்டாம். பேராசையா, அப்பா மேல் இருக்கிற கோபமா? கையெழுத்துப் போடவா, வேண்டாமா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தம்பி வைத்திருக்கும் அந்த மூன்றாவது தேதியில் கையெழுத்துப் போடாதீர்கள். போடவே கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு தடவை காய்ச்சலையும் பரீட்சையையும் சொல்லித் தப்பித்திருக்கிறீர்கள். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டால் பத்திரம் பதிவாகிவிடும், நாலு மணி முழிப்பு நிற்காது. பதிவான விடுதலைப் பத்திரத்தைத் திரும்ப வாங்குவதும் லேசான காரியம் இல்லை.

அடுத்தது அந்த நெஞ்சடைப்பு. மனதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள், தைராய்டும் பார்த்துவிடுங்கள். பெண்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் 'டென்ஷன்' என்று தள்ளிவிடும் பழக்கம் வீட்டிலும் உண்டு, மருத்துவமனையிலும் உண்டு. அதிகாலையில் முழிப்புத் தட்டி மறுபடி தூக்கம் வராமல் கிடப்பது மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கும். உங்களுக்கு நாலு மணி என்பது சின்ன வயதுப் பழக்கம், அதனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் விட்டிருக்கலாம். ஆனால் அன்று நாலு மணிக்கு எழுந்தீர்கள். இன்று நாலு மணிக்குக் கிடக்கிறீர்கள். நாலு மாதம் ஆகிறது என்பதால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பார்த்துவிடுவது நல்லது. நடுவில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416 இருக்கிறது. தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

இனி விசயத்துக்கு.

'ஆள் வைத்ததில்லை. நான்தான் ஆள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு பட்டியின் வாரிசு செய்ய வேண்டிய வேலையெல்லாம் நீங்கள் செய்திருக்கிறீர்கள். கன்று இழுத்துக் கட்டியது, கடவு திறந்தது, குறுக்கே நின்ற குட்டியைக் கையை உள்ளே விட்டு எடுத்தது எல்லாம் நீங்கள். வாரிசு என்று எண்ணப்பட்டவர் ஏழு மணிக்கு எழுந்த தம்பி. செவலையானை விற்றபோது உங்களைக் கேட்கவில்லை. மோட்டார் வாங்கியபோதும் கேட்டிருக்க மாட்டார்கள். இத்தனை வருசம் கழித்து, முதல்தடவையாக, அந்தக் காட்டில் உங்களுக்கும் பாத்தியதை உண்டு என்று எழுதி ஒரு தாள் வந்திருக்கிறது. அந்தத் தாளே அதை விட்டுக்கொடுக்கச் சொல்லும் தாள். கை எப்படி வரும்?

இதைப் பேராசை என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. 'பணம் வேண்டாம்' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், நான் கேட்கவே இல்லை. நம் பக்கத்தில் பிறந்த வீட்டுச் சொத்தைப் பற்றி ஒரு பெண் வாயைத் திறப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டிய சுத்திகரிப்பு மந்திரம் அது. வேண்டாம் என்பது உங்கள் முடிவாகவே இருக்கலாம். ஆனால் வேண்டுமா வேண்டாமா என்று யோசித்து வந்த முடிவா, பேச்சு வந்துவிடுமே என்ற பயத்தில் வந்த முடிவா என்று பிரித்துப் பாருங்கள்.

ஒரு விவரம் மட்டும் சொல்கிறேன், நான் வக்கீல் இல்லை. தமிழ்நாட்டில் 1989-ல் வந்த சட்டத்திருத்தம், அன்றைக்குத் திருமணம் ஆகியிராத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது. அப்போது உங்களுக்கு ஏழு வயது, சாணி வழித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். 2005-ல் அது நாடு முழுமைக்கும் வந்தது. 2020-ல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமை பிறப்பாலேயே வருவது என்று தெளிவாகச் சொன்னது. அந்த வக்கீல் உங்கள் கையெழுத்தைக் கேட்பது இதனால்தான். தம்பியோ அவரோ உங்களுக்குச் சலுகை காட்டவில்லை. உங்கள் காட்டின் பழைய பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு, தம்பிக்குச் சம்பந்தமில்லாத ஒரு வக்கீலிடம் ஒருமுறை போய் வாருங்கள். வக்கீலிடம் போவது வேறு, கேஸ் போடுவது வேறு.

'வெறுத்த இடத்துக்கு எதற்குத் துக்கம்' என்கிறீர்கள். அதே 1989-ல்தான், தற்செயலாக, கென்னத் டோக்கா என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு வகைத் துக்கத்துக்குப் பெயர் வைத்தார். தமிழில் 'அங்கீகரிக்கப்படாத துக்கம்' என்று சொல்லலாம். இழப்பு உண்மையானது, ஆனால் ஊர் அதை இழப்பாக எண்ணாது; துக்கம் விசாரிக்க யாரும் வர மாட்டார்கள். எழவு விழுந்த வீட்டுக்கு நம் ஊரில் எத்தனை ஏற்பாடு! பங்காளி வருவான், மாமன் மச்சான் வருவான், ஒப்பாரி இருக்கிறது, எண்ணெய் தேய்க்க ஒரு நாள், கருமாதிக்கு ஒரு நாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் காளை சந்தைக்குப் போன வீட்டில் என்ன இருந்தது? அன்றைக்கு நீங்கள் அழுதீர்களா என்று உங்களுக்கே நினைவில்லை. நீங்கள் வெறுத்தது காட்டையா என்பதே எனக்குச் சந்தேகம். மாடும், புல்லும், கடவும், வேலங்காயும் உங்கள் கடிதத்தில் வருகிற இடங்களில் வெறுப்பு இல்லை. வெறுப்பு வருகிற இடம் ஒன்றுதான்: உங்களைக் கேட்காமல் செய்த இடம்.

அப்பாவைப் பற்றி நான் ஒரு தீர்ப்பும் சொல்லப்போவதில்லை. இப்போதெல்லாம் இரண்டு கட்சிதான் இருக்கிறது. ஒன்று, மாட்டையும் மண்ணையும் காட்டி 'அந்த வாழ்க்கை வருமா' என்று உருகும் கட்சி. இன்னொன்று, பெற்றவர்கள் செய்ததையெல்லாம் கொடுமை என்று பட்டியல் போடும் கட்சி. உங்கள் வீடு இரண்டிலும் அடங்காது. மழை பொய்த்தால் மாட்டை விற்றே ஆக வேண்டிய நிலம் அது. அங்கே ஒரு பிள்ளையின் கை சின்னதாக இருப்பதுகூட ஒரு கருவிதான். அவர் வாழ்ந்த முறையில் 'ம்' என்பதே பெரிய பாராட்டாக இருந்திருக்கும். அதெல்லாம் சரி. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது போதாது, அதுவும் உண்மை. இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அந்தக் கயிறு. அதைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு ஈரோட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டீர்கள். விற்ற மாட்டின் கயிற்றை வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம் என்று எனக்கும் தெரியும், லட்சுமி வெளியே போகக்கூடாது என்பார்கள். ஆனால் 18 உருப்படி இருந்த வீட்டில், வருசா வருசம் கன்று பிறந்த வீட்டில், கயிறு என்பது நாளும் தேவைப்படுகிற பொருள். நல்ல கயிற்றை அடுத்த கன்றுக்கு எடுத்துப் போடுவார்கள், நைந்தால் எதையாவது கட்டுவார்கள். சிவப்பு முடிச்சுப் போட்ட ஒரு கயிறு 1994-லிருந்து ஒரே ஆணியில் தொங்குகிறது. மறந்துபோய்த் தொங்குகிறதா, யாராவது தொடக்கூடாது என்று சொன்னதால் தொங்குகிறதா? எனக்குத் தெரியாது. ஊகித்து உங்களுக்கு ஒரு கதை கட்டித்தர நான் விரும்பவில்லை. அது வெறும் மறதியாகவும் இருக்கலாம், அதற்கும் தயாராக இருங்கள். ஆனால் தெரிந்த ஒரே ஆள் இன்னும் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

அவரால் பேச முடியாதே என்பீர்கள். வலது பக்கம் விழுந்த பக்கவாதத்தில் பேச்சு போவது சகஜம். பேச்சு போனதால் புத்தியும் போய்விட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்வதும் சகஜம். பல பேருக்குப் புரிதல் நன்றாகவே இருக்கும், சொல்தான் கிடைக்காது. அப்படிப்பட்டவரிடம் 'ஏன்பா வெச்சிருக்கீங்க' என்று கேட்காதீர்கள், அதற்கு வாக்கியம் வேண்டும். கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். 'இது செவலையானுதுதானுங்கப்பா?' ஆமாம், இல்லை என்று தலையாட்டினால் போதும் என்கிற மாதிரி, ஒவ்வொன்றாக. கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருங்கள். அவர் இடது கையால் எதையாவது காட்டினால் எழுந்து போய்ப் பாருங்கள். டிவி ஓடினால் நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றும் தோன்றுகிறது. 'அப்பாகிட்டக் கைநாட்டு வாங்கிக்கலாம்' என்று தம்பி சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அவரிடமும் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. நாள் முழுக்க அந்த வேலியைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுசனுக்கு, அது எங்கே போகப்போகிறது என்று தெரியுமா? ஒரு காலத்தில் அவர் உங்களைக் கேட்காமல் ஓட்டிப் போனார். இன்று உங்களுக்குக் கையெழுத்து, அவருக்குக் கைநாட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். இதைப் பழிக்குப் பழி என்று பார்க்கவும் மனசு வரலாம். வந்தால் வரட்டும், நல்ல மகள் அப்படி நினைப்பாளா என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ள வேண்டாம். சொத்தில் அவரும் சம்பந்தப்பட்டவர் என்பதால், விவரம் புரிந்து சம்மதிக்கிறாரா என்பது சட்டப்படியும் முக்கியம். வக்கீலிடம் அதையும் கேளுங்கள்.

தம்பியை நீங்கள் கெட்டவன் இல்லை என்று எழுதியது நியாயம்தான். ஏழு ஆட்டை ஒரே ராத்திரியில் நாய்க்குக் கொடுத்தவனுக்கு, தறியில் கடன் பட்டவனுக்கு, 22 ஏக்கர் முள்ளும் புல்லும் சுமையாகத்தான் தெரியும். துக்கம் வந்துவிட்டது என்பதற்காக நீங்கள் காட்டைக் காப்பாற்றக் கிளம்பிவிடாதீர்கள். கோவையிலிருந்து கொண்டு மாடு மேய்க்க முடியாது, அதை அவர் தலையில் கட்டுவதும் நியாயம் ஆகாது. முழுவதும் கொடுப்பதா, கிணற்றை ஒட்டிய ஒரு துண்டை நிறுத்திக்கொள்வதா, பங்கைப் பணமாக வாங்குவதா, ஒன்றும் வாங்காமல் விடுவதா, எல்லாமே நல்ல மனிதர்கள் எடுக்கக்கூடிய முடிவுகள்தான். காய்ச்சல், பரீட்சை என்று இன்னொரு பொய் மட்டும் வேண்டாம். வாங்குகிறவர்களுக்கு அவர் வாக்குக் கொடுத்திருப்பார், உங்கள் பொய்யால் அங்கே அவர் பெயர் கெடுகிறது. நேராகச் சொல்லிவிடுங்கள்: 'தம்பி, நான் மாட்டேன்னு சொல்லலை. எனக்கு ரெண்டு மாசம் வேணும். காட்டை ஒரு தடவை நடந்து பார்க்கோணும், அப்பாகிட்டப் பேசோணும்.' அவர் மனைவியையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பது அந்தப் பெண். அந்த வீட்டில் இன்று கூலியில்லாத ஆள் அவர்தான். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா?

மகள் விசயம் கொஞ்சம்தான். அவள் சோபாவில் படுத்திருப்பதைப் பார்த்துக் கை பரபரக்கும்போது, அது அவள் மேல் வரும் கோபமாக இருக்காது. சும்மா இருந்தால் இந்த வீட்டில் எனக்கு இடமில்லை என்று கட்டுத்தரையில் நின்ற ஒரு பிள்ளைக்கு இருந்த பயம் அது. கத்திவிட்டால் பிறகு போய், 'உன் மேல தப்பில்லை கண்ணு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். விளக்கம் வேண்டாம். 'நாங்கல்லாம் உன் வயசுல' என்று ஆரம்பிக்கவே வேண்டாம். செவலையான் கதையை அவளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? இல்லை என்று நினைக்கிறேன். பாடம் எதுவும் ஒட்டாமல், மாட்டுக் கதையாக மட்டும், ஒருநாள் சொல்லுங்கள்.

ஊருக்கு எப்போது போவது என்பதில் ஒரு யோசனை. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். தம்பி வீட்டில் இருப்பார், பேச்சு பத்திரத்துக்கே போகும். வாரத்தின் நடுவில் ஒருநாள் லீவு போடுங்கள். முந்தின நாள் இரவே போய்த் தங்கிவிடுங்கள். எப்படியும் நாலு மணிக்கு முழிப்பு வந்துவிடும். அந்த மூன்று மாட்டுக்கும் கடவைத் திறந்துவிடும் நேரத்தில் அப்பாவின் நாற்காலியை வேலிப் பக்கமாகத் திருப்பிப் போட்டு, நீங்களும் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். சாணியை அன்றைக்கு வேறு யாராவது வழிக்கட்டும்.